அவைக்குறிப்பில் ஓர் அண்ணன்

வாயைத் திறந்தாயிற்று. இனி இந்தப் பெண் சொல்லும்வரை மூடக்கூடாது. நாற்காலி பின்னால் சாய்ந்துகொண்டே போகிறது, தலை இறங்க இறங்கக் கால் மேலே ஏறுகிறது, சேலை கணுக்காலைத் தாண்டிவிட்டது, இழுத்துவிடலாம் என்றால் எட்டவில்லை. எட்டினாலும் கையை அசைக்கக்கூடாதாம். வலித்தால் மட்டும் இடது கையைத் தூக்க வேண்டும், பேசக்கூடாது என்று டாக்டர் ஹெப்சிபா முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள். பேசக்கூடாது என்று பேரவைத் தலைவர்கள் எத்தனையோ பேர் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் சொன்னதையும் நான் கேட்டதில்லை. இவள் சொன்னதும் கேட்டுக்கொண்டேன், கையில் ஊசி வைத்திருந்தாள். ஈறுக்குள் அது இறங்கியபோது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். நல்லமங்கலம் எம்.எல்.ஏ. குருவம்மாள் பல் டாக்டரிடம் அழுதாள் என்று ஊரில் போய்ச் சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடைக்காது. வெளியே உட்கார்ந்திருக்கிறாரே எங்கள் மாவட்டச் செயலாளர் தங்கமாரியப்பன், அவர் வேண்டுமானால் நம்புவார். ஊரே நம்ப வேண்டும் என்பதற்காகத்தானே என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார். மடியில் என் கைப்பையை வைத்துக்கொண்டு, என் பல்லைப் பற்றி உலகத்திலேயே அதிகமாகக் கவலைப்படுகிறவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் தேரடியில் பொதுக்கூட்டம், தலைமையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். மேடையில் நான் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சட்டமன்றத்தில் அன்றைக்கு எனக்குப் பொறுக்க முடியாத பல்வலி, வலியில் நாக்குக் குழறி வரக்கூடாத சொல் ஒன்று வந்துவிட்டது, தலைவரும் தொண்டர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் வருகிற தேர்தலில் நல்லமங்கலம் மறுபடியும் எனக்கு. சொல்லாவிட்டால் யாருக்கு என்று தங்கமாரியப்பன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மச்சினன் இப்போதே தெருத் தெருவாகத் துக்க வீடுகளை விசாரித்துப் போய் மாலை போட்டுக்கொண்டிருக்கிறான். “பல்லப் புடுங்குன கையோட மேடைக்கு வந்துருங்கக்கா. கன்னம் வீங்கியிருந்தா ஒரு பய மறுபேச்சுப் பேச மாட்டான்” என்றார் நேற்று. அந்த நேரம் எனக்கும் வலி உச்சத்தில் இருந்தது. புடுங்கித் தொலைக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

மரத்துப் போகிறது. முதலில் உதட்டோரம், அப்புறம் கன்னம், இப்போது நாக்கில் பாதி. என் வாய் என்னிடம் கேட்காமலே என்னை விட்டுப் போகிறது, இந்த வாயை வைத்துத்தான் இவ்வளவு வருஷம் பிழைத்தேன். அண்ணன். அந்தச் சொல்தான். வேறு என்ன சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எதிர்க்கட்சிக்காரரை நாங்கள் என்னவெல்லாம் சொல்லலாம், துரோகி எனலாம், கைக்கூலி எனலாம், மக்கள் பணத்தைத் தின்று கொழுத்தவர் எனலாம், அதெல்லாம் அவை மரபுக்கு உட்பட்டது, மேஜையைத் தட்டுவார்கள். அண்ணன் மட்டும் கூடாது. அண்ணன் என்றால் நம் கட்சிக்குள் இருக்க வேண்டும், போஸ்டரில் நம் தலைக்கு மேலே சிரிக்க வேண்டும். அன்றைக்குக் கேள்வி நேரம். சுகாதார அமைச்சர் சீனிராஜ் எழுந்து, நல்லமங்கலம் அரசு மருத்துவமனையில் பத்துப் படுக்கையோடு தீக்காயப் பிரிவு தொடங்கப்படும் என்று வாசித்தார். நான் எழுந்து, இது எங்கள் தலைவரின் போராட்டத்துக்குப் பயந்து இந்த அரசு போட்ட பிச்சை என்று சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் மேஜையைத் தட்டக் கையைத் தூக்கித் தயாராக இருந்தார்கள். “அண்ணன் சீனிராஜ் அவர்களுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கைகள் எல்லாம் அப்படியே மேலே நின்றன. கீழே இறக்குவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம்தான் தட்டினார்கள், கூரை அதிரத் தட்டினார்கள், என்னைப் பாராட்டி அல்ல, எங்கள் தலைவரைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். பேரவைத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உறுப்பினர் விரும்பினால் அந்த ஒரு சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்றார். நல்ல மனிதர், கை கொடுத்துத் தூக்கிவிடத்தான் பார்த்தார். நான் எழுந்து, “இருக்கட்டும்” என்றேன். அண்ணன் என்றதை விட்டுவிடலாம், நாக்குக் குழறியது என்று மூடி மறைக்கலாம். அந்த இருக்கட்டும் இருக்கிறதே, அதற்குத்தான் எந்தப் பல்வலியும் பொருந்தவில்லை. தங்கமாரியப்பனுக்கு இது தெரியும், ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பல் போதும் என்று நினைக்கிறார்.

குழாய் ஒன்றைக் கொக்கி மாதிரி உதட்டில் மாட்டிவிட்டாள், கொரகொரவென்று எச்சிலை உறிஞ்சுகிறது. முதலில் சொத்தையைக் குடைந்து எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டுமாம், பிறகுதான் புடுங்குவதா வேண்டாமா என்பது. வெளியே இருக்கும் சார் புடுங்கத்தான் சொன்னார் என்று அவளே சொல்லவும் செய்தாள். சாராம். ஊரில் எல்லாருடைய பல்லுக்கும் ஒரு சார் இருக்கிறார். வெளியே என் போன் அடிக்கிறது, பைக்குள்ளிருந்து, அடித்து அடித்து ஓய்கிறது. அந்தப் பை மட்டும் பேசினால் என் அரசியல் வாழ்க்கையே நாறிப்போகும். வெளிநடப்பு என்று எங்கள் கொறடா தோளில் துண்டைத் திருப்பிப் போட்டதும் எல்லாரும் எழுந்து கோஷம் போட்டுக்கொண்டு வெளியே போவோம், நான் பையை மறந்தது மாதிரி இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போவேன். வாசல்வரை போய், ஐயோ பை என்று திரும்பி வருவேன். அப்போது சீனிராஜ் என் கேள்விக்குப் பதில் வாசித்துக்கொண்டிருப்பார். பையை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், கீழே விழுந்த சாவியைத் தேட வேண்டும், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேட வேண்டும், அதற்குள் சாத்தனேந்தல் சாலை எப்போது, பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எப்போது என்று காதில் விழுந்துவிடும். அடுத்த நாள் கலெக்டரிடம், அமைச்சர் சபையிலே சொன்னாரே என்று பிடித்துக்கொள்ளலாம். குருவம்மாளுக்கு மறதி என்று எங்கள் கட்சியிலேயே பேர். இருந்துவிட்டுப் போகட்டும். திட்டுவதும் அப்படித்தான். எம்.எல்.ஏ. விடுதியில் சீனிராஜின் அறை மேல்மாடி, அமைச்சரான பிறகும் அதை அவர் விடவில்லை, என் அறை கீழே. படிக்கட்டில் எதிரே பார்த்தால், “இந்தத் தடவ எவ்வளவு திட்டணும்ணே?” என்று கேட்பேன். கொஞ்சம் காரமாகவே திட்டு தாயி, அப்போதுதான் எங்க முதலமைச்சர் இந்தப் பொம்பள வாய அடைக்கணும்னு கையெழுத்துப் போடுவாரு என்பார். திட்டினால்தான் என் கட்சிக்கு நான் வேண்டும், திட்டு வாங்கினால்தான் அவர் கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். நானும் போய் வஞ்சனை இல்லாமல் திட்டுவேன், கும்பகர்ணன் ஆட்சி என்பேன், மனசாட்சி இருக்கிறதா என்பேன், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். போதும் என்றால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், நான் உட்கார்ந்துவிடுவேன். நல்லமங்கலத்தில் இன்றைக்குத் தார் போட்ட தெரு எல்லாம் நான் அவரைத் திட்டி வாங்கியது. யாராவது ஒழுங்காகப் பேசி ஒரு தெருவிளக்கு வாங்கிக் காட்டட்டும், நான் அரசியலை விட்டுவிடுகிறேன்.

ஆரம்பித்துவிட்டாள். சத்தம் பல்லில் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது, காதுக்கு உள்பக்கத்திலிருந்து கேட்கிறது. வலி இல்லை. வலி இல்லாமல் ஒன்று நம்மைக் குடைவது வலியைவிட மோசம். ஏதோ கருகுகிறது. பல்லின் பொடி சூட்டில் கருகுகிற வாசனை என்று எனக்குத் தெரியும், அது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் மூக்கு கேட்கவில்லை. நகம், முடி, அப்புறம் அந்த வெடிமருந்தின் காரம். அந்த வாசனை வந்தது என் முதல் தேர்தலில். நல்லமங்கலத்தில் சீனிராஜும் நானும்தான் எதிரெதிராக நின்றோம், முகத்தைப் பார்த்துப் பேசியது கிடையாது, என்னை அவரும் அவரை நானும் மைக்கில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தோம். பிரச்சாரத்தின் கடைசி வாரம், பட்டாசு ஆலை ஒன்றில் மருந்து அறை வெடித்தது. சத்தம் கேட்டு இரண்டு பேருடைய வண்டிகளும் காட்டுப்பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நின்றன. வந்த ஒரே ஆம்புலன்ஸ் பிழைப்பார்கள் என்று தோன்றியவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆலையில் வேலை பார்த்த முனீஸ்வரி என்ற பிள்ளை மட்டும் வேப்பமரத்துக்குக் கீழே கிடந்தாள். இருபது வயது இருக்கும், அதற்கும் குறைவோ என்னவோ, முகத்தைப் பார்த்துச் சொல்ல முகம் இல்லை. ஒட்டாமல் இருக்க வாழை இலை வேண்டும் என்றார்கள். சீனிராஜின் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கிய இலைக்கட்டு அவருடைய வேனில் இருந்தது, அதை விரித்து அவளைக் கிடத்தினோம். ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்தாள், பிறகு விடவில்லை. விடாததால் நானும் ஏறினேன். சுற்றிலும் அவர் கட்சிக் கொடி, மேலே அவர் சின்னம், உள்ளே நான். வேன் கிளம்பியபிறகுதான் தெரிந்தது, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. என்னைப் பற்றிய பாட்டு. குருவம்மா குருவம்மா கூரையேறிப் பார்த்தாளாம் என்று ஒரு கேலிப்பாட்டு, எவனோ எழுதிக் கொடுத்தது. மைக்செட்காரன் கீழேயே நின்றுவிட்டான், எதை அமுக்கினால் நிற்கும் என்று டிரைவருக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேலே என்னைக் கேலி செய்து ஊர் ஊராகப் பாடிக்கொண்டே போகிறோம். சீனிராஜ் எழுந்து வயரைப் பிடித்துக் கையாலேயே அறுத்தார், உள்ளங்கை கிழிந்துவிட்டது. சத்தம் நின்ற பிறகுதான் அவள் குரல் கேட்டது.

“அண்ணே, மெதுவாப் போகச் சொல்லுங்கண்ணே. அக்கா, கைய விட்டுறாதீக.”

அவளுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. கண் தெரிந்திருந்தால் அவர் வேட்டிக்கரையையும் என் சேலைக்கரையையும் பார்த்திருப்பாள், இவர்கள் இரண்டு பேரும் ஒரு வண்டியில் எப்படி என்று யோசித்திருப்பாள். குரலை மட்டும் கேட்டு ஒருவரை அண்ணனாக்கி, ஒருத்தியை அக்காவாக்கிக்கொண்டாள். அவள் ஓட்டு யாருக்குப் போயிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தீக்காயம் என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும், பாதி வழியிலேயே அவள் கை தளர்ந்துவிட்டது. நான் விடவில்லை, ஆஸ்பத்திரி வாசல்வரை பிடித்துக்கொண்டேதான் போனேன். இறங்கி நின்றபோது சீனிராஜ், பக்கத்திலேயே ஒரு தீக்காய வார்டு இருந்திருந்தால் என்றார். அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார், எதிரியின் வேனில் ஏறிப் போனதால்தான் தோற்றாய் என்று எங்கள் கட்சியில் என்னை விசாரித்தார்கள். ஏறுவேன், இன்னொரு தடவை அப்படி ஒருத்தி கையைப் பிடித்தால் எமன் வண்டியிலும் ஏறுவேன் என்று சொன்னேன். அடுத்த முறை அவரைப் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றினார்கள், நல்லமங்கலத்தில் நான் வந்தேன், அதிலிருந்து மூன்று முறையும் நான்தான். அவர் கட்சி ஆட்சிக்கு வந்தால் நான் திட்டுவேன், எங்கள் கட்சி வந்தால் அவர் எதிரே உட்கார்ந்து என்னைத் திட்டுவார், அப்போது கண்ணாடியை நான் கழற்றுவேன். சாலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, வார்டு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மேஜையில் நின்றுவிடும். ஆலைகளில் வெடித்துக்கொண்டேதான் இருந்தது, வேன்கள் மதுரைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தன.

குடைவது நின்றது. காற்றை ஊதுகிறாள், தண்ணீரைப் பீச்சுகிறாள், சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறாள். மறுபடியும் வெளியே போன் அடிக்கிறது. அது சீனிராஜாகத்தான் இருக்கும். காலையிலும் கூப்பிட்டார். அவர்கள் கட்சியிலும் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்களாம், அந்தம்மா உன்னை அண்ணன் என்று சபையில் சொல்கிறது, உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று. அமைச்சர் பதவி ஆட்டம் காண்கிறது என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ மேடையில் சொல்லிரு தாயி, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், ஆணை போட்டாச்சு, வார்டு வந்துரும், இனி யார் யாருக்கு அண்ணனா இருந்தா என்ன என்றார். அவரே சொல்லிவிட்டார். யாருக்கு நான் அந்தச் சொல்லைக் கொடுத்தேனோ அவரே வைத்துக்கொள் என்று திருப்பித் தருகிறார். அப்புறம் எனக்கு என்ன வந்தது. சொல்லிவிட்டால் ஐந்து வருஷம். ஐந்து வருஷத்தில் அந்த வார்டுக்கு நல்ல டாக்டர்களைப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம், குளிர்சாதனம் வேலை செய்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். திறந்துவைத்துவிட்டுப் பூட்டிப் போட்ட கட்டடங்களை நான் பார்க்காததா. ஒரு சொல்லா பெரிது, பத்துப் படுக்கையா. நியாயமாகப் பார்த்தால் படுக்கைதான். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வந்து மாட்டிக்கொள்கிறேன், செருப்பு வார் அறுந்த மாதிரி. முன்னாள் எம்.எல்.ஏ.க்களைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். மேடையில் மைக்கைப் பிடித்திருப்பவன் வருகை தந்திருக்கும் என்று பேர்களை வாசித்துக்கொண்டே வருவான், முன்னாள் நிமிர்ந்து உட்கார்வார், மடிப்புக் கலையாத துண்டைச் சரிசெய்வார், அவன் அவரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போய்விடுவான். அவர் துண்டைச் சரிசெய்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்கிறேன், இங்கே வாயைப் பிளந்து படுத்துக்கொண்டு யாரிடம் மறைக்கப்போகிறேன், பயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் நானும் டி.வி.யும். விடிந்தால் வாசலில் மனு கொடுக்க ஆள் நிற்க வேண்டும் எனக்கு, அது இல்லாத காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், எனக்குத்தானே அது. தீக்காயப் பிரிவு தொடங்கப்படும் என்று வாசித்து முடித்து, நான் திட்டுவதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டார். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் ஏன் போதும் என்கிறார் என்று ஒரு நொடி விழித்தேன். அவர் அதை மேஜையில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தார், வயர் அறுத்த தழும்பு உள்ள கை. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தூசி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த வேன் தெரிந்தது, வாழை இலை தெரிந்தது. என் பல் வலித்துக்கொண்டுதான் இருந்தது, கன்னத்தில் கிராம்பை அடக்கி வைத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலியில் குழறவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தச் சபையில் நான் பேசியதெல்லாம் முன்கூட்டியே படிக்கட்டில் பேசி வைத்தது, எவ்வளவு உப்பு எவ்வளவு காரம் என்று அளந்து போட்டது. அளக்காமல் வந்தது அந்த ஒன்றுதான். அது என்னுடைய சொல்கூட இல்லை, முனீஸ்வரி வைத்த பேர். அதைப் பல்வலி என்றால் அவளை என்னவென்று சொல்வது? தங்கமாரியப்பனுக்கு அவளைத் தெரியாது. சீனிராஜுக்குத் தெரியும், தெரிந்தும் எனக்காக விட்டுக்கொடுக்கிறார், அது அவருடைய பெருந்தன்மை, அவர் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. சீட்டு போனால் போகட்டும். மேடையில் பேர் வாசிக்காவிட்டால் எழுந்து நின்று நானே சொல்லிக்கொள்கிறேன். மனு கொடுக்க யாரும் வராவிட்டால் நான் மனு எடுத்துக்கொண்டு போகிறேன், தங்கமாரியப்பனின் மச்சினனிடமே போகிறேன், வார்டில் டாக்டர் இல்லை என்று அவன் வாசலில் நின்று கத்துகிறேன், கத்தத் தெரியாதா எனக்கு. எம்.எல்.ஏ. ஆகத்தான் சீட்டு வேண்டும், கத்துவதற்கு எவனும் சீட்டுத் தர வேண்டியதில்லை.

டாக்டர் குறடு மாதிரி ஒன்றை எடுத்துவிட்டாள். பளபளவென்று இருக்கிறது, சுத்தமான பிள்ளை. வேர் நன்றாகத்தான் இருக்கிறது, நாலைந்து தடவை வந்தால் காப்பாற்றிவிடலாம், ஆனால் புடுங்கச் சொல்லித்தானே வந்திருக்கிறீர்கள், ஒரு அழுத்து அழுத்துவேன், பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குனிகிறாள். விளக்கு அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டது. குறட்டின் குளிர்ச்சி பல்லில் தெரியவில்லை, மரக்காத பக்கத்து உதட்டில் தெரிகிறது. இடது கையைத் தூக்கினேன்.

அவள் சட்டென்று நிறுத்தினாள். வலிக்கிறதா, இன்னொரு ஊசி போடவா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். உதட்டில் மாட்டியிருந்த கொக்கிக் குழாயை நானே எடுத்தேன், அது காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தியது. நாக்கு இருக்கிற இடமே தெரியவில்லை, தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. “இருக்கட்டும்” என்றேன். அவளுக்கு அது என்னவாகக் கேட்டதோ, என்னம்மா என்று குனிந்தாள். “பல்லு இருக்கட்டும் டாக்டர். புடுங்க வேண்டாம்.” வெளியே இருக்கிற சார் என்று அவள் இழுத்தாள். பல் யாருடையது என்று கேட்டேன். முகமூடிக்கு மேலே அவள் கண் சிரித்தது. அதுவும் சரிதான் என்று சொல்லி, குறட்டைத் தட்டில் போட்டுவிட்டு, குடைந்த குழியில் மருந்தை வைத்து மேலே வெள்ளையாக எதையோ பூசி அடைத்தாள். கொஞ்ச நேரத்துக்குச் சூடாக எதுவும் குடிக்கக்கூடாது, மரப்பு இருக்கும்வரை உதட்டைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், புதன்கிழமை மறுபடியும் வர வேண்டும் என்றாள். நாற்காலி நிமிர்ந்தது. தலை மேலே வர, கால் கீழே இறங்க, முதல் வேலையாகச் சேலையை இழுத்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் தங்கமாரியப்பன் எழுந்து நின்றார். என் கன்னத்தைத்தான் முதலில் பார்த்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பஞ்சு இல்லை, வீக்கம் இல்லை. புடுங்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவருக்குப் பின்னால் வரிசையாக எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர், சாயங்காலக் கூட்டத்துக்கு என்னை ஊர்வலமாகக் கூட்டிப்போக வந்தவர்கள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பல் ஆஸ்பத்திரியைக் கோயில் மாதிரி நினைத்து அடக்கமாக நிற்கிறார்கள். தங்கமாரியப்பன் குரலை இறக்கினார். பரவாயில்லை, வாய் குழறுகிறது இல்லையா, அது போதும், மேடையில் அதே குழறலோடு சொல்லிவிட்டால் இன்னும் நல்லது என்றார். அந்த மனிதரின் சாமர்த்தியத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. அப்போது அவர் கையில் இருந்த பைக்குள் போன் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்தார், முகம் கறுத்தது.

“அந்த ஆளுதான்க்கா. காலையில இருந்து நாலு தடவ. கட் பண்ணிரவா?”

கையை நீட்டினேன். இப்போ பேசினால் புரியாது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். கையை நீட்டியபடியே நின்றேன். பை என்னுடையது, போன் என்னுடையது, அதை இருக்கையில் மறந்து வைத்துவிட்டுப் போகிற வேலை இனி இல்லை. கொடுத்தார். ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவர் அவசரம் அவசரமாக, சொல்லிவிட்டாயா, சொல்லிவிடு, எனக்கு ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன், உதடு ஒரு பக்கம் தொங்கியது, வந்தது எனக்கே புரியாத ஏதோ ஒரு சத்தம். அவர் நிறுத்திவிட்டு, யாரு, குருவம்மாளா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டார். தங்கமாரியப்பன் லேசாகச் சிரித்ததைக்கூடப் பார்த்தேன். கன்னத்தை விரலால் அமுக்கிப் பிடித்து, நாக்கை மேலண்ணத்தில் கொண்டுபோய் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தேன்.

“அண்ணே. நான்தான்.”

இந்த முறை அது அந்த இடம் முழுக்கக் கேட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் அனிச்சையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். தங்கமாரியப்பன் தரையைப் பார்த்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு டாக்டரிடம் கேட்டேன், இந்த மரப்பு எப்போது தெளியும் என்று. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றாள். நல்லது. தேரடியில் கூட்டம் அதிகம் இருக்கும், கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும்.